மரமும் விரலும்: மின்கிற்றார் வாசிப்போரின் கருவிப் பேச்சு – ஒரு வரலாற்று நோக்கு

நமது முற்போக்கு இலக்கிய வட்டாரங்களிலே கிற்றார் பேசப்பட்டபோதெல்லாம் அது பாடலின் துணைப்பொருளாகவே பேசப்பட்டு வந்துள்ளது. 1973 செப்ரெம்பரிற் சிலியின் இராணுவ ஆட்சியாளராற் கொல்லப்பட்ட விக்ரர் ஹாராவை நாம் அறிவோம். பாசிசவாதிகளைக் கொல்லும் இயந்திரம் எனத் தமது கிற்றாரின் மீதே எழுதிவைத்த வூடி கத்ரியையும் அறிவோம். ஆயின், அக்கருவியைச் செய்தவர் யார், எத்தகைய உற்பத்தி உறவுகளின் கீழ் அது செய்யப்பட்டது என்னும் வினாக்கள் நம்மிடையே எழுந்தனவல்ல. கலையின் பொருளாதார அடித்தளம் பற்றி இடையறாது எழுதிவந்துள்ள நமக்கு இது பெருமை தருவதன்று.

இவ்வினாக்களைத் தம்மளவில் எழுப்பி வந்துள்ளோர் கிற்றார் வாசிப்போரே. ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மின்கிற்றார் வாசிப்போர் இருவர் சந்தித்தால், பேச்சு இராகத்திலோ பாடலிலோ தொடங்குவதிலும் பார்க்கக் கருவியிலே தொடங்குவதே வழக்கம். எந்த ஆண்டுக் கருவி, எத்தகைய காந்தச் சுருள், எவ்வளவு தடித்த தந்தி, எந்த ஒலிபெருக்கி என்பனவே முதல் வினாக்கள். 1967இல் கலிபோர்னியாவில் ‘கிற்றார் பிளேயர்’ என்னும் சஞ்சிகை தோன்றியதிலிருந்து இப்பேச்சு அச்சேறி, தனக்கெனச் சொற்றொகுதியும் பிரமாணங்களும் கொண்ட ஓர் உரையாடல் மரபாக வளர்ந்துள்ளது. இதனை வெறும் பண்ட வழிபாடு என ஒதுக்கிவிடுதல் எளிது. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிலே விளக்கியவாறு, மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்ளும் நிலைக்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்தலரிது என்றும் வாதிடலாம். அவ்வாதம் பாதி உண்மையே. எஞ்சிய பாதி இக்கட்டுரையின் பொருளாகின்றது.

மின்கிற்றாரை மலிவாகப் பெருந்தொகையிற் செய்யும் முறையை நிலைநாட்டியவர் லியோ ஃபெண்டர் (1909 - 1991). கணக்கியல் கற்றவர், 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லேர்டன் நகரில் வானொலிப்பெட்டி திருத்தும் கடையைத் தொடங்கியவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. இது தற்செயலான தகவலன்று. வாசிப்பவனின் கண்கொண்டு நோக்காது, திருத்துபவனின் கண்கொண்டே அவர் கருவியை நோக்கினார். கிப்சன் போன்ற பழைய கம்பனிகள் கிற்றாரின் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டின. அதற்குத் தேர்ந்த தச்சுக்கை வேண்டியிருந்தது. ஃபெண்டரோ கழுத்தை நான்கு திருகாணிகளாற் பூட்டினார். பழுதானாற் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். 1951இல் ரெலிகாஸ்ரர் எனப் பெயர்பெற்ற கருவியும், 1954இல் வெளிவந்த ஸ்ராற்றோகாஸ்ரரும் இம்முறையிலேயே அமைந்தன. பகுதி பகுதியாகச் செய்து ஈற்றிற் பொருத்தும் இவ்வேலைப் பிரிவினை, மோட்டார் வாகனத் தொழிற்சாலையின் தர்க்கத்தை இசைக்கருவிக்குப் பிரயோகித்ததன் பேறாகும்.

1965 ஜனவரியில் சி.பி.எஸ். எனப்படும் ஒலிபரப்பு நிறுவனம் 130 இலட்சம் டொலருக்கு ஃபெண்டர் கம்பனியை வாங்கிற்று. கிற்றார் வாசிப்போரின் பேச்சிலே இவ்வாண்டு ஓர் எல்லைக்கல். ‘சி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது’ என்றால் உயர்ந்தது, பிந்தியது தாழ்ந்தது. இலக்கிய வரலாற்றிற் காலவகுப்பு எத்துணைச் சிக்கலான விடயம் என்பதை நாம் அறிவோம். சங்கமருவிய காலத்தின் எல்லை பற்றி இன்னும் உடன்பாடில்லை. இங்கோ, முறையான வரலாற்றுக் கல்வி பெறாத வாசிப்போர் ஒரு கம்பனியின் கைமாற்றத்தை வைத்தே காலத்தை வகுத்து, அதனை எல்லோரும் ஏற்கவும் செய்துள்ளனர். அரச வம்சங்களை வைத்துக் காலம் வகுக்கும் நமது பாடநூலாசிரியர்களினும் பார்க்க உடைமை மாற்றத்தை வைத்து வகுத்த இவர்கள் மேலானவர்கள் எனக் கூறத் தோன்றுகிறது.

இக்காலவகுப்பினுள்ளே ஓர் ஏகபோக எதிர்ப்புணர்வு மறைந்திருப்பதையும் மறுத்தற்கில்லை. பெருமூலதனம் வந்தது, தரம் குன்றியது என்பதே அதன் சாரம். 1971இல் நான்கு திருகாணிகளுக்குப் பதிலாக மூன்றே போதுமெனத் தீர்மானிக்கப்பட்டதை அவர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. ஆயினும் இவ்வுணர்வு சிறுவுடைமையாளனை நோக்கிப் பின்னே திரும்பும் ஏக்கமாகவே பெரிதும் அமைந்துவிடுகின்றது. தீய கம்பனிக்கு எதிரே நல்ல முதலாளியாக லியோ நிறுத்தப்படுகிறார். வேலையைத் துண்டுதுண்டாக்கியவர் அவரே என்பது மறக்கப்படுகிறது.

இக்காலவகுப்பினை வாசிப்போரின் வரலாறே பொய்ப்பித்தும் உள்ளது. 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவில் ஜிமி ஹென்றிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை, வியட்நாம் யுத்தத்தின் குண்டோசையாகச் செவிகள் கேட்கும்படி சிதைத்து வாசித்தாரன்றோ? அவர் கையிலிருந்த வெண்ணிற ஸ்ராற்றோகாஸ்ரர் 1968இற் செய்யப்பட்டது, அதாவது சி.பி.எஸ். உடைமையின்போது. பிங்க் ஃபுளொயிட் குழுவின் டேவிட் கில்மர் 1970இல் நியூ யோர்க் கடையொன்றில் வாங்கிய கறுப்பு ஸ்ராற்றோகாஸ்ரரும் அக்காலத்ததே. கழுத்தும் காந்தச் சுருள்களும் பலமுறை மாற்றப்பட்ட அக்கருவி, 2019இல் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு ஏலம்போயிற்று.

இத்தகைய உதாரணங்கள் எடுத்துக் காட்டப்படும்போது, வாசிப்போரிடையே இன்னொரு கட்சி எழும். நாதம் மரத்தில் இல்லை, விரலில் உள்ளது என்பது அக்கட்சியின் வாதம். மரமா, விரலா என்பது இவ்வுரையாடல் மரபின் ஓயாத விவாதம். நமது விமரிசனத்தில் உருவமா, உள்ளடக்கமா என்பது போல. மார்க்சியச் சொற்களிற் கூறின், மரக்கட்சியினர் கருவியில் உறைந்துள்ள இறந்த உழைப்பையும், விரற்கட்சியினர் வாசிப்பவனின் உயிருள்ள உழைப்பையும் முதன்மைப்படுத்துகின்றனர். விரற்கட்சி முற்போக்கானது போலத் தோன்றும். எமக்கு அதில் உடன்பாடில்லை. அது வாசிப்பவனின் விரலை மட்டுமே காண்கின்றது. கருவியைச் செய்தவரின் விரல்கள் அதன் கண்ணிற் படுவதில்லை.

அவ்விரல்களைக் காண்பதற்கு, விந்தையாக, மரக்கட்சியினரிடமே செல்லவேண்டியுள்ளது. பழைய கருவியின் ஆண்டை நிறுவும் பொருட்டு அவர்கள் கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியிற் பென்சிலால் எழுதப்பட்டுள்ள திகதியைப் படிக்கின்றனர். ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழின் கீழுள்ள மின்தடையின் முதுகில் அடிக்கப்பட்ட இலக்கங்களிலிருந்து உற்பத்தியாளன், ஆண்டு, வாரம் ஆகியவற்றைப் பிரித்தறிகின்றனர். ஈயப்பற்று ஒருமுறை வைக்கப்பட்டதா, பின்னர் உருக்கி மீள வைக்கப்பட்டதா என ஆராய்கின்றனர். ஏட்டுச்சுவடியின் இறுதியில் எழுதினோன் பெயரும் திகதியும் தேடும் பதிப்பாசிரியரின் உழைப்புக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. நோக்கம் பெரும்பாலும் விலை நிர்ணயமே, கண்டெடுக்கப்படுவதோ வேறு. ஐம்பதுகளின் ஃபெண்டர் கழுத்துகளிற் காணப்படும் இரண்டு முதலெழுத்துகள் ரடேயோ கோமஸ் என்னும் தொழிலாளிக்குரியவை. உடலின் குழிவிலே ஒட்டப்பட்ட காகித நாடாக்களில் மேரி, குளோறியா என்ற பெண் பெயர்கள் உள்ளன. கருவியைப் பொருத்தியவர்கள் அவர்கள்.

இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்த பெயர்களுள் தலையாயது அபிகேல் இபாராவினுடையது. 1956இல் ஃபுல்லேர்டன் தொழிற்சாலையிற் சேர்ந்த இவர், தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் காந்தச் சுருளைச் சுற்றும் பணியில் ஈடுபட்டார். அப்பணியிற் பல பெண்கள், அவருட் பலர் மெக்சிக்க வம்சாவழியினர், அமர்த்தப்பட்டிருந்தனர். மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி, ஏறத்தாழ எண்ணாயிரம் சுற்று. இயந்திரம் சுழற்றும், கம்பியை இடமும் வலமுமாக நெறிப்படுத்துவது சுற்றுபவரின் விரல்கள். ஆதலால் எந்த இரு சுருளும் ஒத்திருக்கவில்லை. இவ்வொழுங்கின்மையைத்தான் இன்றைய கிற்றார் வாசிப்போர் பழைய கருவியின் உயிர் எனப் போற்றுகின்றனர். நியமப்படுத்தலை இலட்சியமாகக் கொண்ட ஒரு தொழிற்சாலையிலே நியமத்துக்கு அடங்காது எஞ்சிய மனிதக் கையே அவர்கள் கேட்கும் நாதம். இபாரா சி.பி.எஸ். வருவதற்கு முன்னும் சுற்றினார், வந்த பின்னும் சுற்றினார். 2013 வரை சுற்றினார். காலவகுப்பின் இரு கரையிலும் அதே விரல்கள் இருந்தன என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம்.

வாசிப்போரின் பழக்கவழக்கங்களும் இவ்வாறே நோக்கத்தக்கன. ஐம்பதுகளின் தந்திகள் தடித்தவை. விரலால் அழுத்தி வளைத்துச் சுருதியேற்றுதல் கடினம். எனவே சிலர் முதற்றந்தியின் இடத்தில் மெல்லிய பான்ஜோத் தந்தியைக் கட்டி, ஏனையவற்றை ஒவ்வோரிடம் தள்ளிக் கட்டினர். கலிபோர்னியாவிற் கடை வைத்திருந்த ஏர்னி போல், தம்மிடம் கற்க வந்த மாணவர் மூன்றாம் தந்தியோடு படும் பாட்டைக் கண்டு, மெல்லிய தொகுதியொன்றைச் செய்யும்படி ஃபெண்டரிடம் கேட்டார், மறுக்கப்பட்டது. 1962இல் தாமே விற்பனைக்கு விட்டார். வாசிப்போரின் கைத்தந்திரம் பண்டமாயிற்று. இதற்கு மாறாக, ஸ்ரீவி றே வோன் தடித்த தந்திகளை அரைச்சுரம் இறக்கிக் கட்டி வாசித்ததும், அவரைப் போல வாசிக்க விழைந்த இளைஞர் பலர் விரல் புண்ணாகத் தடித்த தந்தி தேடியதும் எண்பதுகளின் கதை. இரசனை என்பது உடலின் மீதும் எழுதப்படுகின்றது.

பழைய கருவியே மேலானது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அது தொடக்கத்திற் பயன்மதிப்புச் சார்ந்ததாகவே இருந்தது. கிப்சன் கம்பனி 1952இல் வெளியிட்ட லெஸ் போல் கிற்றாரின் பழைய வடிவத்தை அறுபதுகளின் தொடக்கத்திற் கைவிட்டது. 1966இல் ஜோன் மேயோலின் குழுவில் எரிக் கிளப்டன் அத்தகைய பழங்கருவியொன்றை மார்ஷல் ஒலிபெருக்கியுடன் வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டு, பிரித்தானிய இளைஞரை ஈர்த்தது. அந்நாதம் வேண்டியோர்க்குப் பழங்கருவி தேடுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. 1968இற் கம்பனி அவ்வடிவத்தை மீண்டும் உற்பத்தி செய்யத் தொடங்கியபோது தேடல் ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. பின்னர் பரிவர்த்தனை மதிப்பு பயன்மதிப்பை விழுங்கிற்று. வாசிக்கப்படாது பெட்டகத்தில் வைக்கப்படும் கிற்றார்கள் உள.

இவ்வளர்ச்சியின் உச்சம் 1995இல் ஃபெண்டர் கம்பனி அறிமுகஞ்செய்த ‘றெலிக்’ வகை. புதிய கிற்றாரைச் செய்து, பின் அதன் வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து, பழங்கருவியாக விற்கும் முறை இது. சாதாரணக் கருவியினும் விலை மிகக் கூடியது. அயர்லாந்தின் றோரி கலகர் 1963இல் கோர்க் நகர்க் கடையொன்றிலே கடனுக்கு வாங்கிய 1961ஆம் ஆண்டு ஸ்ராற்றோகாஸ்ரர், முப்பது ஆண்டு மேடை வியர்வையால் வண்ணம் முழுவதும் உதிர்ந்து மரம் தெரிய நின்றது. அது 2024இல் ஏலத்தில் விற்கப்பட்டு, அயர்லாந்துத் தேசிய அரும்பொருளகத்துக்கு வழங்கப்பட்டது. அதன் தேய்மானத்தைப் புள்ளி தவறாது நகலெடுத்த கருவிகள் அதற்கு நெடுநாள் முன்னரே சந்தையில் இருந்தன. வாசிப்பவன் வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்த்ததை, கூலித்தொழிலாளி ஒருவர் அரத்தாளும் சுரண்டியுமாகச் சில மணி நேரத்தில் தேய்த்துக் கொடுக்கிறார். உழைப்பின் தழும்பு விற்பனைக்கு வருகிறது, உழைப்பு வேண்டியதில்லை. வாசிப்போரிற் பலர் இதனை எள்ளி நகையாடுவதையும், நகையாடுவோரிற் சிலரே அதனை வாங்குவதையும் குறிப்பிட்டாகவேண்டும்.

நாட்டின் பெயராலும் தரவரிசை வகுக்கப்படுகின்றது. 1982இல் ஃபெண்டர் கருவிகள் ஜப்பானிற் செய்யப்படலாயின. 1985இல் சி.பி.எஸ். கம்பனியை விற்றபின், 1987இல் மெக்சிக்கோவின் என்செனாடாவில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. அமெரிக்கக் கிற்றார் உயர்ந்தது, மெக்சிக்கக் கிற்றார் அடுத்தபடி என்பர். ஃபுல்லேர்டனின் பழங்கருவிகளுக்கு உயிரூட்டியவர்களுட் பலர் மெக்சிக்க வம்சாவழிப் பெண்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ளின், எல்லைக்கோடு பிரிப்பது கைத்திறனை அன்று, கூலியையே என்பது புலனாகும். மரமும் அவ்வாறே எல்லை கடந்தது. பிறேசிலின் கருங்காலி நிறத்து றோஸ்வூட் அருகிக் கட்டுப்பாட்டுக்குள்ளானபின், தென்னிந்தியாவின் ஈட்டிமரமே மெட்டுப் பலகைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. 2011இல் அமெரிக்க அரச அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டுக் கைப்பற்றியவற்றுள் இந்திய மரமும் இருந்தது.

கிப்சனின் பிறப்பிடமாகிய மிச்சிகன் மாநிலத்துக் கலமசூத் தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. உற்பத்தி ஏலவே தெற்கே நாஷ்வில் நகருக்கு நகர்ந்திருந்தது. இடம்பெயர மறுத்த தொழிலாளர் சிலர் 1985இல் அதே கட்டடத்தில் ‘ஹெரிற்றேஜ்’ என்ற பெயரிற் கிற்றார் செய்யத் தொடங்கினர். அக்கட்டடத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகயுத்த காலத்திற் கிற்றார் உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தது என்பதே நெடுங்காலம் கம்பனியின் வரலாறாக வழங்கிற்று. ஆயின் அக்காலத்துக்குரிய, தலைப்பகுதியிற் பட்டி வடிவ வாசகம் பொறித்த கிற்றார்கள் வாசிப்போர் கைகளில் இருந்தன. அவற்றின் நாதத்தை அவர்கள் விதந்து பேசியும் வந்தனர். தொழிற்சாலை முன்றிலில் நிற்கும் பெண்களின் புகைப்படமொன்றைக் கண்ட ஜோன் தோமஸ் என்பார், தாமும் கிற்றார் வாசிப்பவர், எஞ்சியிருந்த முதிய பெண்களைத் தேடிச் சந்தித்து 2012இல் ஒரு நூல் எழுதினார். ஆண்கள் போர்முனைக்குச் சென்ற பின் அக்கிற்றார்களைச் செய்தவர்கள் அப்பெண்களே. அவர் அக்கருவிகளை ஊடுகதிர்ப் படமெடுத்தும் பார்த்தார். உள்ளே, பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் போருக்கு முன்பும் பின்பும் செய்யப்பட்டவற்றினும் நுண்மையாகச் செதுக்கப்பட்டிருந்தன.