விசா வரும்வரை: பிரிந்து வாழும் தம்பதியர் அறிய வேண்டியவை

நிக்காஹ் முடிந்து நாற்பது நாள் விடுமுறை. விருந்துகளும் உறவினர் வீடுகளுமாக அது கழிந்துவிடுகிறது. "போனதும் விசாவுக்குக் கொடுத்துடுறேன், ரெண்டு மூணு மாசத்துல வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை விமானம் ஏறுகிறார். அந்த இரண்டு மாதம் எட்டு மாதமாகிறது. எட்டு மாதம் சிலருக்கு இரண்டு ஆண்டாகவும் ஆகிறது. நம் ஊர்களில் இப்படிக் காத்திருக்கும் சகோதரிகள் இல்லாத தெரு குறைவு.

சபுர் நமக்குப் புதிதல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகளின் ஊர்கள்தாம். ஆனால் அன்றைய சபுரில் கணவர் திரும்பி வரும் காலம் ஓரளவு தெரிந்திருந்தது. இன்றைய விசா காத்திருப்பில் முடிவு நாள் யாருக்கும் தெரிவதில்லை. மனத்தை அதிகம் அரிப்பது இந்த நிச்சயமின்மைதான். விசா தரும் அதிகாரம் நம் கையில் இல்லை. காத்திருப்பை எப்படி நடத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

எந்த விசா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"வெளிநாட்டில் நல்ல வேலை" என்ற ஒரு சொல்லை நம்பியே பல சம்பந்தங்கள் பேசி முடிக்கப்படுகின்றன. அந்த வேலைக்குரிய விசாவில் மனைவியை அழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் சிலரே. நிக்காஹ்வுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். சம்பளம் இருந்தும் பலர் தடுக்கி நிற்பது வீட்டு விஷயத்தில். பெட் ஸ்பேஸில் தங்கியிருப்பவரால் குடும்பத்தை அழைக்க இயலாது. துபையில் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், அதாவது இஜாரி, தேவைப்படும்.

பிரிட்டனில் கணவர் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவராக இருந்தால் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 18,600 பவுண்டாக இருந்து, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. மனைவி ஆங்கிலத்தில் ஏ1 நிலைத் தேர்வு எழுத வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். படிக்கச் சென்றவர்களின் நிலை வேறு. 2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்புகளில், ஆராய்ச்சிப் படிப்பு, அரசு உதவித்தொகை போன்ற சில பிரிவினர் தவிர மற்றவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதே தடை உண்டு. இவர்களிடம் "காத்திருங்கள், வரும்" என்று சொல்வதில் பொருளில்லை. வேறு விசாவுக்கு மாறினால்தான் வழி பிறக்கும்.

அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனாலும் மனு பரிசீலனை, ஆவணச் சரிபார்ப்பு, நேர்காணல் என்று படிகள் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி எஃப்2ஏ என்ற பிரிவில் வருகிறார். அதற்கு வரம்பு உண்டு என்பதால் முன்னுரிமைத் தேதி வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எங்கே நிற்கிறது என்பதை மாதந்தோறும் வெளியாகும் விசா அறிக்கையில் பார்க்கலாம். இடையில் கணவர் குடியுரிமை பெற்றுவிட்டால் உடனே அதைத் தெரிவித்து மனுவை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்ப்பது கட்டாயம்.

மார்க்கம் காட்டும் எல்லை

காத்திருக்கும் பெண்ணிடம் "ஸப்ர் செய்யம்மா" என்று சொல்வது நம் வழக்கம். ஸப்ர் உயர்ந்த பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால் கணவனின் கடமையை மறைக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

மனைவியுடன் சேர்வதில்லை என்று சத்தியம் செய்த கணவனுக்குத் திருக்குர்ஆன் (2:226) நான்கு மாதத் தவணைதான் தருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஏங்கிய ஒரு பெண்ணின் குரலைக் கேட்டு, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருக்க முடியும் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்ததாக அறிவிப்பு உண்டு. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வந்துள்ளன. அதன்படியே படைவீரர்களின் காலத்தை அவர்கள் வரையறுத்தார்கள்.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையும் இதுதான். ஒருவர் போருக்குப் பெயர் கொடுத்திருந்தார். அவருடைய மனைவியோ ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். மனைவியுடன் ஹஜ்ஜுக்குச் செல்லுமாறே நபியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் தோழர்களும் மார்க்கம் கற்க வந்து இருபது நாள் தங்கியபோது, அவர்கள் குடும்பத்தை நினைத்து ஏங்குவதை உணர்ந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் புகாரியில் பதிவாகியுள்ளன.

ஆகவே மனைவி மனமொப்பிச் சம்மதித்தால் பிரிவு நீளலாம். அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். ஒரு முறை தலையசைத்துவிட்டாள் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கொண்டே போவது முறையாகாது.

ஜீவனாம்சமும் அப்படித்தான். விசா வராததால் நஃபகா நின்றுவிடாது. மனைவி மாமியார் வீட்டில் இருந்தாலும் தாய்வீட்டில் இருந்தாலும், அவளுடைய செலவுக்குரிய தொகை அவள் கைக்கே போக வேண்டும். கணவர் போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகத் தேவையானதை எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். மனைவியின் பங்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதுவே சான்று.

காகிதங்களில் கவனம்

தாமதங்களில் ஒரு பகுதி தூதரகத்தால் வருவது. மறுபகுதி நம் அலட்சியத்தால் வருவது. இரண்டாவதைத் தவிர்க்க முடியும்.

1. பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரின் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்யலாம். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம். மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வருவது நல்லது.

2. பெயர்களின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். முகம்மது என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது. பாஸ்போர்ட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, நிக்காஹ் பதிவேட்டில் ஒன்று என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவரும். இன்ஷியலை விரித்து எழுதுவதிலும், பீவி, பேகம் போன்ற பின்பெயர்களைச் சேர்ப்பதிலும் இதே சிக்கல் வருகிறது. பதிவேட்டில் எழுதும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

3. திருமணச் சான்றுக்கு எந்த முத்திரை வேண்டும் என்பது நாட்டைப் பொறுத்தது. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ள ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகியவற்றுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். அமீரகம், கத்தார், குவைத் போன்றவற்றுக்கு அமைச்சகச் சான்றுக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் அட்டெஸ்டேஷனும் தேவைப்படும்.

4. உறவு உண்மையானது என்பதற்கான சான்றுகளைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். பணம் அனுப்பிய ரசீதுகள், பயணச்சீட்டுகள், திருமணப் படங்கள், பேசிய பதிவுகள் ஆகியவற்றை மேற்கத்திய நாடுகள் கேட்கின்றன. அந்தரங்கமான உரையாடலையோ படங்களையோ கொடுக்க வேண்டியதில்லை. தேதியும் தொடர்ச்சியும் தெரிந்தால் போதும்.

5. விண்ணப்ப எண், கட்டண ரசீது, கடவுச்சொல் ஆகியவை கணவன் மனைவி இருவரிடமும் இருக்கட்டும். எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனைவியும் தானே பார்க்க முடிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

குறுக்கு வழி காட்டுபவர்களிடம் எச்சரிக்கை தேவை. விசிட் விசாவில் வந்து உள்ளிருந்தபடியே குடும்ப விசாவுக்கு மாற அமீரகத்தில் வழி உண்டு. பிரிட்டனில் அப்படி மாற முடியாது. "உள்ளே ஆள் இருக்கிறார், சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டால் பிரிட்டனில் பத்தாண்டுத் தடை வரலாம்; அமெரிக்காவில் நுழைவதே நிரந்தரமாக மறுக்கப்படலாம். பொய் சாட்சியம் மார்க்கத்தில் பெரும்பாவம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை

காத்திருப்பு தொடங்கும்போதே நான்கு விஷயங்களைப் பேசிவிடுவது பிற்பாடு வரும் பல சண்டைகளைத் தடுக்கும்.

எங்கே இருப்பது: மாமியார் வீடா, தாய்வீடா, இரண்டிலும் மாறி மாறியா என்பதைக் கணவரும் மனைவியும் முடிவு செய்து இரு வீட்டாருக்கும் கணவரே தெரிவிக்க வேண்டும். மாமியார் வீடென்றால் அவளுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய தனி அறை வேண்டும். கணவனின் சகோதரர்கள் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த அந்தப் பேணுதலும் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பணம், யார் பெயரில்: குடும்பச் செலவு வேறு, மனைவியின் செலவு வேறு. அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி மாதம் ஒரு தேதியில் அனுப்புங்கள்.

எப்போது பேசுவது: அமீரகத்துக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம், பிரிட்டனுக்குக் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இருவருக்கும் தோதான ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வது மேல். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது. போட்டிம் போன்ற செயலிகள் தேவை. "சாப்பிட்டியா, விசா என்னாச்சு" என்பதோடு நின்றுவிடாமல், அன்றைய நாளில் நடந்ததைப் பகிருங்கள். ஃபஜ்ருக்கு ஒருவரை ஒருவர் எழுப்புவதும், ஒரே ஸூராவை இருவரும் ஓதுவதும் பல தம்பதியருக்குக் கைகொடுத்திருக்கின்றன.

எப்போது மறுபரிசீலனை: இதுதான் முக்கியமானது. "ஆறு மாதத்தில் விசா நகரவில்லை என்றால் நான் ஊருக்கு வருகிறேன்" அல்லது "ஒரு வருடத்தில் நடக்கவில்லை என்றால் வேறு நாடு, வேறு வேலை பார்ப்போம்" என்று ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்ததும் மீண்டும் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டாரும் ஜமாஅத்தும்

"இன்னும் விசா வரலையா?" என்ற கேள்வியைக் கல்யாண வீட்டில், மய்யித் வீட்டில், கடைத்தெருவில் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பதில் இல்லாத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பெண்ணை வீட்டுக்குள் முடங்க வைக்கிறது. அதற்குப் பதில் மருத்துவமனைக்குத் துணைக்குப் போகலாம்; சார்பதிவாளர் அலுவலக வேலையை முடித்துத் தரலாம்.

மருமகள் காத்திருக்கும் காலத்தை வீட்டு வேலைக்கான காலமாக மாமியார்கள் எண்ண வேண்டாம். ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பது, பாதியில் நின்ற பட்டத்தை முடிப்பது, தஜ்வீத் கற்பது, வண்டி ஓட்டப் பழகுவது என எல்லாம் நாளை அந்நிய ஊரில் அவளுக்குப் பயன்படும்.

தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, தொழுகையில்கூட மனம் ஒட்டாத நிலை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அதை ஈமானின் குறைவு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. தனியறையில் இருக்கும் கணவருக்கும் இதே வேதனை உண்டு. ஆண் என்பதால் அவர் சொல்லாமல் இருக்கலாம்.

இழுத்துக்கொண்டே போனால்

விசாவைச் சாக்காகக் காட்டிப் பொறுப்பிலிருந்து நழுவும் கணவர்களும் உண்டு. விண்ணப்ப எண்ணைக் காட்ட மறுப்பது, செலவுக்கு அனுப்பாதது, மாதக்கணக்கில் போனை எடுக்காதது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது பெண் வீட்டார் "பேர் கெட்டுவிடும்" என்று மூடி மறைக்காமல் இரு வீட்டுப் பெரியவர்களையும் ஜமாஅத்தையும் அணுக வேண்டும். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமை, தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமையைச் செய்யாமை, நான்கு ஆண்டுகள் இருப்பிடமே தெரியாமை ஆகியவற்றை மனைவி விவாகரத்துக் கோருவதற்கான காரணங்களாக ஏற்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தேவைப்படாது. ஆனாலும் தன் உரிமை எதுவரை என்று பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயணம் வேதனையின் ஒரு துண்டு என்றும், போன காரியம் முடிந்தால் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். விசா தாமதமாகும்போது விடுமுறைக்கு ஒரு டிக்கெட் எடுத்து ஊருக்கு வந்துபோவது வீண்செலவாகாது. விசாவுக்குச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

பிரிந்திருக்கும் தம்பதியரை வல்ல அல்லாஹ் விரைவில் ஒன்று சேர்ப்பானாக! அவர்களின் காத்திருப்பில் பரக்கத்தையும் மன அமைதியையும் தருவானாக! ஆமீன்.