சுண்ணாம்பின் சுழற்சி: நீற்றறை முதல் சித்திரச் சுவர் வரை

குற்றாலத்துச் சித்திர சபையின் ஓவியங்களைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புப் பூச்சு. தென்காசி வட்டாரத்தில் சிமெண்ட் பரவுவதற்கு முன் கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் செங்கல்லையும் கல்லையும் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்தே. நம் முன்னோர் கையாண்ட அப்பொருளின் வரலாறு நெருப்பில் தொடங்குகிறது.

சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்டே. எனினும் கிளிஞ்சலில் பெரும்பாலும் இருப்பது அரகோனைட் என்னும் படிக வடிவம். ஏறத்தாழ 400 பாகை செல்சியசில் அது கால்சைட்டாக உருமாறும், எடை குறையாது. வெப்பம் 900 பாகையை நெருங்கும்போதுதான் கரியமிலவாயு முழு வேகத்தில் வெளியேறும். 100 பங்கு கல்லில் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 பங்கு காற்றோடு போகும். வெளியேறிய வாயு உள்ளேயே தங்கினால் சிதைவு தடைப்படும். காளவாயில் காற்றோட்டத்துக்கு வழி விடுவதன் காரணம் அனலை வளர்ப்பது மட்டுமன்று.

இவ்வாறு சுட்டு நீறாக்கும் செயலை அரபு இரசவாதிகள் ‘தக்லீஸ்’ என்றனர். சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கில்ஸ்’ என்ற சொல்லோடு தொடர்புடையது அது. ஏறத்தாழ 865இல் ரய் நகரில் பிறந்த அபூபக்கர் அல்-ராஸி தம் ‘கிதாபுல் அஸ்ரார்’ நூலில் தக்லீஸை ஆய்வுக்கூடச் செய்முறைகளுள் ஒன்றாக வகுத்துரைத்தார். எடையிழப்புக்குக் காரணம் கல்லுள் அடைபட்டிருந்த ஒரு வாயுவே என்பதை 1756இல் வெளியான தம் ஆய்வில் விளக்கியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக்.

சுட்ட 56 பங்கு, 18 பங்கு நீரேற்றுக் கொதித்து நீறி 74 பங்காகும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உறிஞ்சி, நீரை விடுத்து, மீண்டும் 100 பங்கு கல்லாகும். நெருப்பு பிரித்ததைக் காற்று சேர்க்கிறது.

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் 1949இல் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்லே. ஆனால் களிமண் சார்ந்த பொருள்களோடு சேர்த்து ஏறத்தாழ 1450 பாகையில் சுடப்படுவது. விரைவில் இறுகும், வலிமை மிகும். ஆயின் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சாரல் ஓயாத இவ்வட்டாரத்தில் அதன்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்புப் பூத்துப் பழைய சாந்து உதிரும்.

எனவே பழைய பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் செப்பனிட முனைவோர், முதலில் அச்சுவர் எதனால் ஆனது என்று கேட்டறிவது கடமை. உறுதியான பொருள் என்பதாலேயே ஒன்று உகந்த பொருளாகிவிடாது.