ஓஃபா மன்னனின் தலைகீழ் தீனார்

பிழையோடு பிறந்த பொற்காசுகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். எழுத்துப் பிறழ்ந்த காசையும், முத்திரை ஒதுங்கி விழுந்த காசையும் செம்மையான காசினும் மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். இதனைப் பித்தென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், பிழை எவர் கையால் நேர்ந்தது என்று ஆராயத் தெரிந்தவனுக்குச் செம்மையான காசு சொல்லாத செய்தியைப் பிழைபட்ட காசு சொல்லும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டைக் கி.பி. 757 முதல் 796 வரை ஆண்ட ஓஃபா மன்னனின் பொற்காசு அதற்குத் தக்க சான்றாகும்.

முற்காலத்தில் காசுகள் கையால் அடிக்கப்பட்டன. கீழச்சு அசையாமல் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் பொற்றகட்டை வைத்து, மேலச்சைக் கையிற்பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். அடித்தவன் கை தவறினால் முத்திரை ஒதுங்கும். இருமுறை அடிபட்டால் எழுத்து இரட்டிக்கும். இத்தகைய பிழை அந்த ஒரு காசோடு முடிந்துவிடும். அச்சைச் செதுக்கியவன் தவறினாலோ, அவ்வச்சில் பிறந்த காசு அனைத்திலும் அத்தவறு தொடரும். ஆகவே, பிழைக்காசு சேர்ப்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது அடித்தவன் பிழையா, செதுக்கியவன் பிழையா என்பதே.

ஓஃபாவின் காசு செதுக்கியவன் பிழைக்குச் சான்று. அவன் முன்வைத்துப் பார்த்துச் செதுக்கிய மூலம், அப்பாசிய கலீஃபா அல்-மன்சூர் காலத்துத் தீனார். உமையா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவங்களை நீக்கி, எழுத்துகள் மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். ஏறத்தாழ 4.25 கிராம் எடையுள்ள அப்பொன், பொன்னின் தூய்மையாலும் எடையின் நேர்மையாலும் கடல் கடந்த நாடுகளிலும் நம்பிக்கை பெற்றது. அல்-மன்சூர் காலத்துத் தீனாரின் ஒருபுறம் ஏகத்துவக் கலிமா. மறுபுறம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தூதுத்துவச் சொற்கள். விளிம்பில் அடிக்கப்பட்ட ஆண்டு.

மெர்சியச் செதுக்கன் இவ்வெழுத்துகளை அப்படியே பின்பற்ற முயன்றான். ஹிஜ்ரி 157 (கி.பி. 773-74) என்னும் ஆண்டையும் விட்டுவிடவில்லை. அரபு எழுத்துகளில் பல பிறழ்வுகள் இருப்பினும், மூலக் காசின் ஆண்டு இன்றும் தெரிகிறது. நபிகளாரின் திருப்பெயர் தாங்கிய புறத்தில், வரிகளுக்கு இடையே 'ஓஃபா ரெக்ஸ்', அதாவது 'ஓஃபா மன்னன்' என்று இலத்தீன் எழுத்தில் பொறித்தான். மன்னன் பெயரை நேராகப் படிக்கும்படி காசைப் பிடித்தால் அரபு தலைகீழாகிறது. அரபை நேராக்கினால் மன்னன் தலைகீழாகிறான்!

இக்காசைச் சான்றாகக் காட்டி, ஓஃபா இஸ்லாத்தைத் தழுவியவன் என்று எழுதியோரும் உண்டு. நம்மில் சிலர் அதனை மகிழ்ந்து எடுத்துரைப்பதும் உண்டு. மகிழ்ச்சி இயல்பே, ஆனால் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அவனுடைய வெள்ளிக்காசுகள் பலவற்றில் சிலுவைக் குறி உள்ளது. கி.பி. 786இல் போப்பாண்டவரின் தூதர்கள் இங்கிலாந்துக்கு வந்து அவனையும் கண்டனர். ஆண்டுதோறும் 365 பொற்காசுகள் ரோமாபுரிக்கு அனுப்புவதாக அவன் வாக்களித்திருந்ததைப் போப் மூன்றாம் லியோவின் கி.பி. 798ஆம் ஆண்டுக் கடிதம் கூறுகிறது. இவை ஒருபுறமிருக்க, காசின் பிழையே அக்கூற்றை மறுத்துவிடுகிறது. கலிமாவின் பொருளறிந்த ஒருவன் தன் பெயரை அதனிடையே தலைகீழாகப் பொறிக்க இசைவானா?

ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுத்துப் பிறழ்வைத் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டு, கண்ணால் நேர்வது, காதால் நேர்வது என இருவகையாகப் பகுத்தனர். ஓஃபாவின் செதுக்கன் செய்தது முற்றிலும் கண்ணின் பிழை. அவன் கண்டது எழுத்தின் வடிவத்தை. அம்மொழி அவன் செவியில் விழுந்ததே இல்லை போலும்! அறியாத மொழியை ஏன் பொறித்தான்? அவ்வடிவம் இருந்தால்தான் பொன்னுக்கு மதிப்பு என்று அந்நாளைய வணிக உலகம் கருதியதே காரணமாகலாம். மார்க்கத்தை ஏற்காத நாட்டிலும் முஸ்லிம்களின் அளவை நேர்மை ஏற்கப்பட்டது என்பதே இக்காசு தரும் உண்மையான பெருமை. மன்னன் மதம் மாறினான் என்னும் கதையினும் இது குறைந்ததன்று.

அக்காலத்து ஐரோப்பியர் பொற்காசை 'மன்கூஸ்' என்றனர். 'பொறிக்கப்பட்டது' எனப் பொருள்படும் 'மன்கூஷ்' என்னும் அரபுச் சொல்லே இவ்வாறு ஆயிற்று என்பர் ஒரு சாரார். 'குறைபட்டது' என்னும் இலத்தீன் சொல்லே மூலம் என்பர் மறுசாரார். ஓஃபாவின் காசுக்கு இரு பொருளும் பொருந்துதல் வியப்பே.

இவ்வகையில் இன்று அறியப்பட்டது இந்த ஒரு காசே. ரோமாபுரியில் வாங்கப்பட்டுப் பலர் கைமாறி, 1913இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. அதன் எடை ஏறக்குறைய 4.28 கிராம். பொன்னாக மட்டும் மதித்து எவரேனும் உருக்கியிருப்பின், ஒரு மோதிரத்துக்கே போதியிருக்கும். பிழையென்று கருதி எழுத்தைத் தேய்த்து மெருகிட்டிருப்பின், வரலாற்றின் ஒரு சாட்சி ஊமையாகியிருக்கும். பழங்காசு சேர்க்கும் அன்பர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். கிடைத்த காசைத் தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தையும் சூழலையும் குறித்து வையுங்கள். பிழையை விலைக்காக மட்டும் போற்றாமல், அது கூறும் சாட்சியத்தை, நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும், உள்ளவாறே ஏற்றுக்கொள்ளுங்கள்.