ஊடுகதிரும் அதன் அளவும்

1895ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன் புதியதொரு கதிரைக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையால் எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். கணக்கில் தெரியாத எண்ணுக்கு நாம் இடும் எழுத்தேதான். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அக்கதிர் இந்திய எல்லைக்கு வந்துவிட்டது. 1897-98இல் வடமேற்கில் நடந்த திராப் போரில் பீவர் என்ற இராணுவ மருத்துவர், வீரர்களின் உடலில் தங்கிய குண்டுகளை அதைக் கொண்டு கண்டறிந்தார். அவசர சிகிச்சைக்கும் இக்கதிருக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது.

அதன் தீமையை உணரச் சற்றுக் காலம் சென்றது. கதிரின் வலிமையைச் சோதிக்க அந்நாளைய மருத்துவர் தம் கையையே குறுக்கே நீட்டினர். தோல் வெந்தது, விரல்கள் போயின. எடிசனின் உதவியாளர் டாலி இரு கைகளையும் இழந்து 1904இல் மாண்டார். இவ்வாறு உயிர் நீத்த 169 பேரின் பெயரைப் பொறித்து 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுக்கல் நாட்டினர். அதற்கு முன்பே, 1928இல், கதிர்ப் பாதுகாப்புக்கென உலகக் குழு ஒன்று அமைந்திருந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியது 1934இல். ஆகவே, எச்சரிக்கையும் கருவியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம் நாட்டில் வேரூன்றின எனலாம்.

1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு லண்டனில் சி.டி. ஸ்கேனை நோயாளியிடம் முதன்முதல் பயன்படுத்தினார். மண்டையைத் திறவாமலே மூளையின் இரத்தக் கசிவைக் காண முடிந்தது. ஆனால் கதிரின் அளவு மிகுந்தது. தலை ஸ்கேன் ஒன்றில் சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணும் விண்ணும் இயற்கையாகவே நமக்கு ஓராண்டில் தருவதற்கு ஏறக்குறைய ஈடு. வயிற்று ஸ்கேனில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு.

அளவைக் குறைக்கும் முதல் வழி கருவியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது: ஸ்கேன் தேவைதானா? தலையில் அடிபட்ட நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவரை ஆராய்ந்து, 2009இல் அமெரிக்க மருத்துவர் விதியொன்று வகுத்தனர். நினைவு தடுமாற்றம், மண்டை முறிவின் அடையாளம், தொடர் வாந்தி போன்ற குறிகள் ஒன்றுமில்லாத குழந்தையை ஸ்கேனின்றிக் கண்காணிக்கலாம் என்பது அதன் சாரம். குறி இருந்தாலோ தயங்கலாகாது. கதிருக்கு அஞ்சி உயிரை இழப்பது பேதைமை. எடுக்கும்போது குழந்தையின் எடைக்கேற்ப அளவைக் குறைத்து, வேண்டிய பகுதியை மட்டும் எடுப்பர். வயிற்றுக்கு ஒலியலை ஸ்கேன் போதுமாயின் கதிரே வேண்டியதில்லை.

எடப்பாடியில் அடிபட்டவரைச் சேலத்திற்குக் கொண்டு செல்லும் நம்மவர், முன்பெடுத்த படத்தையும் குறுந்தகட்டையும் வீட்டில் மறந்து விடுவதுண்டு. அங்கே மருத்துவர் மறுபடியும் எடுக்கச் சொல்வார். அன்று அந்த உடலில் இரு மடங்கு கதிர் பாயும்.