நொய்யல் சாயக்கழிவு நில மீட்பு

திருப்பூர்ப் பனியன் தொழிலைச் சார்ந்த சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பல ஆண்டுகளாக வெளியேற்றிய உப்பு நீரால் சீர்கெட்ட நொய்யல் ஆற்றுப் படுகையையும், ஒரத்துப்பாளையம் நீர்த்தேக்கத்தையும், அவற்றைச் சார்ந்த விளைநிலங்களையும் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர நீதிமன்றங்களும் சர்க்காரும் தொழில்துறையினரும் விவசாயிகளும் மேற்கொண்ட முயற்சிகளை இத்தலைப்பு குறிக்கும். மூடப்பட்ட ஆலையின் வளாகத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து மறுபயன்பாட்டுக்கு விடுவதே இவ்விஷயத்தில் உலக வழக்கம். அமெரிக்காவில் 1978இல் லவ் கெனால் குடியிருப்பில் புதையுண்டிருந்த ரசாயனக் கழிவு வெளிப்பட்டபின் 1980இல் பிறந்த சட்டம் அவ்வழக்கத்துக்கு உருக்கொடுத்தது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவுக் குவியலும், 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசம் படிந்த மண்ணும் அவ்வகையைச் சேர்ந்தவை. நொய்யலின் நிலை வேறு. இங்கே பட்டறை ஓரிடத்தில் இருந்தது. கெட்ட நிலம் அதற்குப் பல மைல் கிழக்கே, பனியனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர் கையில் இருந்தது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்ற புராதனப் பெயரும் உண்டு. அதன் கரையிலுள்ள கொடுமணலில் சங்ககாலத்திலேயே இரும்பு உருக்கும் தொழிலும் மணிக்கல் தொழிலும் ஓங்கியிருந்தமையை அகழாய்வுகள் காட்டியுள்ளன. அப்பண்டைய தொழிற்பேட்டை தன் நிலத்தில் விட்டுச்சென்றவை உலைச்சிட்டமும் மணிகளுமே என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமற்றதாகாது.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் வேரூன்றியது. வெள்ளைப் பனியனே பிரதான சரக்காக இருந்த காலத்தில் சலவையோடு வேலை முடிந்தது. 1980களில் ஏற்றுமதி பெருகி, வர்ண ஆடைகளுக்குக் கிராக்கி உண்டானபோது சாயப்பட்டறைகள் வாய்க்காலோரமெங்கும் முளைத்தன. 1990களின் பிற்பகுதியில் அவற்றின் எண்ணிக்கை 800ஐத் தாண்டியது. பருத்தித் துணியில் வினைச்சாயம் ஏறுவதற்குச் சாதாரண உப்போ கிளாபர் உப்போ லிட்டருக்குப் பல பத்துக் கிராம் வீதம் தொட்டியில் இடப்படல் வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் மிகும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு தங்கிவிடும்; உப்போ, சாயத்தைத் துணியின்பால் செலுத்தியபின் தான் ஏறக்குறைய முழுமையாகவே நீரோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பும் படிகாரமும் இட்டு நிறத்தைத் தெளிவிக்கும் ஆரம்பகாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் கண்ணுக்குத் தெரிந்த மாசை நீக்கினவேயன்றி, கரைந்திருந்த உப்பைத் தீண்டவில்லை. 1980க்கும் 2000க்கும் இடையில் இவ்வாறு வெளியேறிய கரைந்த திண்மம் 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்டது என்று பால் அப்பாசாமியும் பிரகாஷ் நெல்லியாட்டும் தம் ஆய்வில் கணக்கிட்டனர். ஊர்க் கிணறுகள் உவர்த்துப்போகவே, பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து லாரியில் நல்ல நீரை விலைக்கு வாங்கின. அந்நீரே பின்னர் உப்பாகி நொய்யல் வழியே இறங்கிற்று.

ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பதினாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் அளிக்கும் நோக்கத்துடன் ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறிற்று. மதகைத் திறந்தால் கீழேயுள்ள ஆயக்கட்டும் காவிரியும் கெடும். மூடினால் சுற்றிலுமுள்ள கிணறுகளில் உப்பு ஊறும். பாசனத்துக்கென்று கட்டிய அணையிலிருந்து நீர் விடாதிருக்கும்படி விவசாயிகளே மன்றாட நேர்ந்த விபரீதம் பிற இடங்களில் அபூர்வமே.

வழக்குகள் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கின. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தோல் பதனிடும் ஆலைகள் தீர்ப்பை அடியொற்றி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004இல் 68 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 28,600 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு நிர்ணயித்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில், ஒரு துளிக் கழிவும் வெளியேறலாகாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது; அணையைச் சுத்தம் செய்யும் செலவும் பட்டறைகளின் மீதே சுமத்தப்பட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்த பின்னரும் நிலைமை மாறாமையால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி ஆணையிட, 700க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருசேர நின்றன.

அதன்பின் நிகழ்ந்த தொழில்நுட்ப மாற்றம் மெச்சத்தக்கது. சவ்வூடு வடிகட்டலால் நல்ல நீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கும் கலன்களில் வற்றச்செய்து உப்பை மீட்டனர். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உவர்நீரையே தெளிவித்து மறுபடியும் சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறை பலிதமாயிற்று. சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. ஆயினும் மீளப் பயன்படாத கலப்பு உப்பும் கசடும் நிலைய வளாகங்களில் குவிந்தன.

இவையனைத்தும் வாயிலில் கழிவை நிறுத்தியவையே. வயலைச் சீராக்கியவை அல்ல. நீதிமன்றங்களின் கவனம் நீரில் நிலைத்த அளவுக்கு மண்ணில் நிலைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். உவர் மண்ணைத் திருத்தும் உபாயங்கள் உழவருக்கு அந்நியமல்ல: ஜிப்சம் இடுதல், தக்கைப்பூண்டை மடக்கி உழுதல், நல்ல நீரைத் தேக்கி உப்பை அடிமண்ணுக்குக் கீழே கழுவி வடித்தல். கடைசியாகச் சொன்னதே இன்றியமையாதது. கிணற்று நீரே உவர்த்த ஊரில் அதற்குரிய நல்ல நீர் ஏது? நல்ல மழை பெய்த ஆண்டுகளின் வெள்ளமும், கீழ்பவானிக் கால்வாயின் கசிவு நீரும் ஓரளவு உதவின. நஷ்ட ஈடு பயிரிழப்புக்குத் தரப்பட்டதேயொழிய, மண்ணைச் சீர்திருத்தும் நெடுங்காலச் செலவுக்குத் தரப்பட்டதன்று.

திருப்பூர் நகரை அடுத்த நஞ்சராயன் குளத்தின் வரலாறு சற்று ஆறுதல் தருவது. நகரக் கழிவு கலந்துவந்த அக்குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. குளத்துக்கு எல்லை உண்டு, பொதுவுடைமை உண்டு. ஆயிரக்கணக்கான பட்டாக்களாகச் சிதறிக் கிடக்கும் ஆயக்கட்டுக்கு இவ்விரண்டும் இல்லை.

மாசடைந்த இடங்களை இனங்கண்டு சீரமைப்பதற்கென்று மத்திய அரசு தனி விதிகளை 2025 ஜூலையில்தான் வெளியிட்டது. மாசுபடுத்தியவரைக் கண்டறிந்து சீரமைப்புச் செலவை அவரிடமே வசூலிக்க அவை வகைசெய்கின்றன. நொய்யலிலோ நூற்றுக்கணக்கான பட்டறைகளின் கழிவு ஒரே ஆற்றில் கலந்து இறங்கியது. எந்த ஏக்கரில் படிந்த உப்பு எவருடையது என்று பிரித்தறிய மார்க்கமில்லை. அப்பட்டறைகளிற் பல, 2011இல் மூடப்பட்டபின் திறக்கப்படவேயில்லை.