கண்டிச் சீமைக் காப்பியும் உட்கார ஒரு நாற்காலியும்

போன மாசம் என் அக்கா மகன் செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடல், தென்னை, பளீரென்ற வெயில். ஓலைக் கூரை போட்ட காப்பிக் கடை. மேசைமேல் லேப்டாப், பக்கத்தில் நுரையில் இலை வரைந்த காப்பிக் கோப்பை. இலங்கையின் தெற்குக் கரையில் வெலிகமவுக்குப் பக்கத்திலுள்ள அஹங்கம என்ற ஊர். 'மாமா, ஒரு மாசம் இங்கதான். ஆபீஸ் பெங்களூர்ல, வேலை இங்க' என்று எழுதியிருந்தான்.

அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, 'இது கண்டிச் சீமையில்லடா?' என்று கேட்டது. அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

எங்க அப்பத்தா ஒரு கதை சொல்லும். அப்பத்தாவோட பாட்டி சின்னப்பிள்ளையாக இருந்தப்போ தாது வருசப் பஞ்சம் வந்தது. 1876-78. சின்னமனூர்ப் பக்கமிருந்து ஆத்தா, அப்பன், இந்தப் பிள்ளை மூணு பேரும் கங்காணியோடு கண்டிக்கு நடந்தார்கள். 'போனது மூணு பேரு, திரும்புனது ஒரு ஆளு' என்று அப்பத்தா கதையை முடிக்கும். எதுக்குப் போனாங்க என்று கேட்டால், 'காப்பிப்பழம் பெறக்கத்தான்' என்று சொல்லும். காப்பி என்றால் என்னவென்றே அறியாத சனம் அது.

இந்தக் கதை அக்கா மகனுக்குத் தெரியாது. அது அவன் குற்றமில்லை. நாம் சொல்லவில்லை. காப்பியைக் குடித்தவர்களின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. டிகிரி காப்பி, பில்டர், டபரா என்று அதற்குப் புத்தகம் இருக்கிறது, சினிமா இருக்கிறது, பெருமை இருக்கிறது. பறித்தவர்களின் வரலாறு சேரிக் கிழவிகளின் வாயில் கிடந்து அவர்களோடு எரிகிறது.

காப்பிக் கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துப் புதுமை என்று நினைக்க வேண்டாம். 1680-களிலேயே லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக் கடையில் கப்பல் முதலாளிகளும் வியாபாரிகளும் உட்கார்ந்து கப்பல்களுக்குக் காப்பு எழுதினார்கள். அந்தக் கடைதான் பின்னால் லாயிட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தையாக வளர்ந்தது. கருப்பின மக்களை அடிமைகளாக ஏற்றிப் போன கப்பல்களுக்கும் அந்தச் சந்தையில் காப்பு எழுதப்பட்டது. 2020-ல் அதற்காக மன்னிப்பும் கேட்டார்கள். ஆக, காப்பிக் கடை என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு சிலருக்கு உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம். அந்தக் கோப்பைக்குள் இருந்ததை விளைவித்தவர்கள் வேறு எங்கோ, வெயில் கொளுத்தும் ஒரு தீவில், குனிந்து நின்றார்கள்.

அப்படி ஒரு தீவுதான் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த சான் தொமிங்கு. 1780-களின் கடைசியில் உலகத்துக் காப்பியில் ஏறத்தாழப் பாதி அங்கே அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1791-ல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-ல் ஹைத்தி என்று தங்கள் நாட்டுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1834-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜமைக்காவில் காப்பி சரிந்தது. 1835-ல் மேற்கிந்தியக் காப்பிக்கும் இலங்கைக் காப்பிக்கும் இங்கிலாந்தில் வரி சமமாக்கப்பட்டது. வெள்ளைக்காரனின் முதல் கண்டி மலைக்குப் பாய்ந்தது. 1840-ல் ஒரு சட்டம் போட்டு, பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுடைமை என்றார்கள். அந்த நிலம் தோட்டமானது.

நிலம் கிடைத்தது, ஆள் வேண்டுமே? சொந்தமாக வயல் வைத்திருந்த கண்டிச் சிங்கள விவசாயி தோட்டக் கூலிக்கு வர மறுத்தான். அப்போதுதான் கடலுக்கு இந்தப் பக்கம் கண் திரும்பியது. விடுதலையான அடிமைகள் விட்டுப்போன இடத்தில் நம் பள்ளர், பறையர், சக்கிலியர் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள். திருச்சி, தஞ்சை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் சேரிகள் நடந்தன.

ஏமாந்து போன கூட்டம் என்று மட்டும் இதைச் சொல்லிவிடக்கூடாது. 1843-ல்தான் இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்டத்தின் துணை எடுபட்டது. சட்டம் போனாலும் பண்ணையார் போகவில்லை. பண்ணையார் களத்தைவிட்டு ஒருவன் எழுந்து நடக்க முடிந்தது என்றால் அது கண்டிக்குத்தான். அந்த நடை பிழைப்பு மட்டுமில்லை, மறுப்பும்கூட. ஆனால் போன இடத்திலும் கங்காணி இருந்தான். அவன் கொடுத்த முன்பணம் கடனாகி, கடன் 'துண்டு' என்ற காகிதமானது. துண்டில் எழுதிய தொகையைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் ஆள் மாற முடியும். 1921-ல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. லயத்துக் காம்பிராவிலும் சாதி பார்த்துத்தான் பிரித்துவைத்தார்கள். கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்பது பொய்.

காப்பி, தேயிலை மாதிரி வருசம் பூராவும் ஆள் கேட்கிற பயிரில்லை. பழம் பழுக்கிற பருவத்துக்கு ஆள் வேண்டும், பறித்து முடிந்தால் வேண்டாம். அதனால் சனம் வருசா வருசம் போய்த் திரும்பியது. பாம்பன், தொண்டி, தேவிபட்டினம் கரைகளிலிருந்து தோணி. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு 150 மைல் போல நடை. குடிக்கத் தண்ணீர் இல்லை. காலரா, அம்மை, பசி. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1841 முதல் 1848 வரையில் செத்தவர்கள் 70,000 பேர் என்று 1849-ல் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அவ்வளவு இருக்காது என்று பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வாதாடினார்கள். எழுபதாயிரமா, அதில் பாதியா என்று வாதாட வேண்டியிருக்கிறது என்பதே போதும். ஏற்றுமதியான காப்பிக்கு அந்தர்க் கணக்கு உண்டு. நம் பிணத்துக்குக் கணக்கில்லை.

1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. 1880-களில் இலங்கைக் காப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. சனம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. 1948-ல் அந்தச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள்.

இனி ஊருக்கு வருவோம். நாம் பறித்த காப்பி நமக்கு எப்படிக் கிடைத்தது?

பட்டணங்களில் காப்பி கிளப்புகள் முளைத்தபோது 'பிராமணாளுக்கு' என்று தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1941-ல் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. நல்லது, அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பட்டணத்து ஓட்டலில் உட்கார உரிமை பெற்ற அதே சூத்திரர், தன் ஊரில் டீக்கடை வைத்தபோது நமக்கு எந்த டம்ளரைக் கொடுத்தார்? கடைகளிலும் ஓட்டல்களிலும் சாதியின் பேரால் தடுக்கக்கூடாது என்று 1950-ல் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொன்னது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தனிச் சட்டமே வந்தது. எங்கள் ஊர் டீக்கடைக்கு அது வந்து சேரவில்லை.

நான் பள்ளிக்கூடம் படித்த 90-களில் கண்ணால் கண்டது இது. கூரை வாரையில் சொருகியிருந்த அலுமினிய டம்ளரை எங்க அய்யாதான் எடுக்க வேண்டும். ஒசரமாகத் தூக்கி ஊற்றுவார்கள். தரையில் குத்தவைத்துக் குடித்துவிட்டு, கழுவி, இருந்த இடத்தில் சொருக வேண்டும். பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். எனக்கு அய்யா டீ வாங்கித் தர மாட்டார். 'வீட்ல போய்க் குடிச்சுக்கலாம்டா' என்பார். ஏன் என்று எம்.ஏ. படிக்கும்போதுதான் உறைத்தது. தான் குத்தவைத்ததை நான் பார்த்தது போதும், நானும் குத்தவைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். பின்னால் அந்தக் கடையில் காகிதக் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கியெறிகிற கப். தீண்டாமை ஒழிந்தது என்றார்கள். டம்ளர் ஒழிந்தது, அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பண்டத்துக்கு என்றும் வழி உண்டு. மூணாறு மலைத் தேயிலை இறங்க, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டினார்கள். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மலைக்கு ஏறிய ஆளுக்கு அன்றைக்கு நடை, இன்றைக்கு ஜீப்பு. விடிகாலையில் போடியிலோ கம்பத்திலோ நின்று பாருங்கள். தூக்குச்சட்டியோடு பொம்பளைகள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக ஜீப்பில் திணிந்து போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலம் எடுக்க, மிளகு பறிக்க, காப்பிப்பழம் பறிக்க. அதில் நம் காலனிப் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020-ல் கொரோனா வந்து மாநில எல்லையை அடைத்தார்கள். ஜீப்பு நின்றது. அக்காவுக்குத் தோட்ட வேலை நின்றது. அதே வீட்டில், அதே மாசத்தில், மகன் 'வீட்டிலிருந்தே வேலை' பார்த்தான். அவன் சம்பளத்தில்தான் குடும்பம் சாப்பிட்டது. ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். ஆபீஸ் கூட்டம் தொடங்குமுன் சுவரில் மாட்டியிருந்த அண்ணல் படத்தைக் கழற்றிக் கட்டில்மேல் கவிழ்த்து வைப்பான், கூட்டம் முடிந்ததும் மாட்டுவான். நான் கேட்டேன். 'மாமா, அவங்களுக்குப் படம் தெரிஞ்சா நானும் தெரிஞ்சிருவேன்' என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. டீக்கடையில் என்னை வெளியே நிறுத்திய அய்யாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இப்போது அஹங்கமவில் அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை, கடல்தான் இருக்கிறது. கழற்றிவைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் அந்தப் படத்தில் அப்படிச் சிரிக்கிறான் போலும். அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, உடையாத கோப்பையில், காசு கொடுத்துக் காப்பி குடிக்கிற உரிமைக்குத்தான் இத்தனை உயிரும் போராட்டமும். ஆனால் யாரென்று தெரியாததால் கிடைக்கிற நாற்காலி, தெரிந்த அன்றைக்கே பறிபோகலாம். யாரென்று சொல்லிவிட்டு உட்கார்வதுதான் உட்கார்வது.

அவனுக்குப் பதில் எழுதினேன். 'தம்பி, காப்பி நல்லா குடி. திரும்பும்போது மன்னார் வழியா ஒருநாள் மாத்தளைக்குப் போ. அந்த ரோட்டோரம் நம்ம ஆத்தா ஒருத்தி கிடக்கா. எந்த இடம்னு தெரியாது. எங்க வேணும்னாலும் இறங்கி நில்லு.'

தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் ஊர்ச் சேரியில் கண்டிக் கதை சொல்லும் கிழவி இன்னும் ஒருத்தியாவது இருப்பாள். செல்போனில் பதிவு செய்யுங்கள். போனவர் பேர், ஊர், கங்காணி பேர், திரும்பாதவர் பேர் என்று எழுதுங்கள். இதற்கு ஆபீசும் வேண்டாம், காப்பிக் கடையும் வேண்டாம், அவள் வீட்டுத் திண்ணை போதும்.