எல்லாக் கணினிக்கும் ஒரு தகடு

பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள குறுந்தகட்டில் பாட்டும் படமும் பாடமும் அடங்கும் என்பது இன்று சிறுவர்க்கும் பழங்கதை. ஒருவர் எழுதிய தகடு மற்றொருவர் கணினியில் திறக்குமா என்பதோ ஒரு காலத்தில் பெருங்கவலை. 1982-இல் பிலிப்ஸ், சோனி நிறுவனங்களின் இசைத்தகடு சந்தைக்கு வந்தபோது, இசையைப் பதிக்க ஒரே விதி இருந்தமையால் அது எந்தக் கருவியிலும் பாடிற்று. கணினிக் கோப்புகளை அதே தகட்டில் ஏற்றத் தொடங்கியதும் ஆளுக்கொரு விதி முளைத்தது.

1985-இல் அமெரிக்காவில், தாஹோ ஏரியை அடுத்த ஹை சியரா என்னும் விடுதியில் நிறுவனத்தார் கூடி, பொது ஒழுங்கொன்றை வகுக்க முற்பட்டனர். அதுவே சில மாற்றங்களுடன் 1988-இல் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் உலகத்தரமாயிற்று. எல்லாக் கணினிக்கும் பொருந்த வேண்டுமே! ஆகவே அதன் முதற்படியில் கோப்பின் பெயர் எட்டெழுத்தை மீறலாகாது, பின்னொட்டு மூன்றெழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடுமே செல்லும். நீண்ட பெயருக்கும் பிறமொழிப் பெயருக்கும் இடமளித்த ஜோலியட் என்னும் விரிவு 1995-இல்தான் வந்தது.

இவ்வொழுங்கில் நான் வியப்பது ஒன்றுண்டு. தகட்டின் முதல் பதினாறு பகுதிகளை அது தனக்கென்று கொள்ளாமல் ஒதுக்கி வைத்தது. நம் பழைய வீடுகளில் வழிப்போக்கனுக்குத் திண்ணை விட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்கின்டாஷ் கணினி தனது பட்டியல் எங்குள்ளது என்னும் குறிப்பை அத்திண்ணையில் எழுதிக்கொண்டது. பாடமும் படமும் ஒருமுறையே பதியும். அவற்றுக்கு வழிகாட்டும் பட்டியல்கள் மட்டும் இரண்டு. நூலகத்தின் ஒரே அலமாரிக்கு ஆசிரியர் அட்டவணையும் பொருள் அட்டவணையும் இருப்பதில்லையா?

பாத்திரம் இவ்வாறு பொதுவாயிற்று, தமிழெழுத்து ஆகவில்லை. 1990-களில் எழுத்துரு ஆக்கியோர் ஒவ்வொருவரும் தமிழெழுத்துகளைத் தத்தம் வரிசையில் எண்ணிட்டனர். அரவேணுவில் நான் பணியாற்றிய நாட்களில் ஒரு தகடு வந்தது. வெளியிட்டவர் பெயர் இங்கு வேண்டா. கோத்தகிரியில் ஒரு கணினியில் செவ்வனே தெரிந்த பாடம், எங்கள் கணினியில் கொம்பும் புள்ளியும் முளைத்த இலத்தீன் குறிகளாக நின்றது. படம் வந்தது, பாட்டும் ஒலித்தது. “சார், இது எந்த ஊர் எழுத்து?” என்றாள் ஒரு சிறுமி. தகட்டில் பழுதில்லை, எழுத்துருவை உடன் வைக்கவில்லை, அவ்வளவே. வேறு சிலர் எழுத்தையே படமாக்கித் தந்தனர். கண் படிக்கும், ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது.

இக்குறை தீர, 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. பன்னாட்டுத் தமிழன்பர்கள் மின்னஞ்சல் வழியே ஆராய்ந்து டிஸ்கி என்பதை அமைத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் தந்த நூல்களைப் பின்னர் யூனிகோடிலும் தந்தது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த அந்த யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்றது.

பழைய தகடுகள் பள்ளி அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. வீட்டிலும் பள்ளியிலும் எழுதியவை லேசர் ஒளியால் சாயத்தைச் சுட்டுப் பதித்தவை. அச்சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மங்கும். எங்கள் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு நுழைய வாயிலும் இல்லை. தகடு படிக்கும் கருவி ஒன்றை இரவல் பெற்றேனும் அவற்றைப் பெயர்த்தெடுங்கள். எழுத்துருக் கோப்பு உள்ளே இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். அதைக் கொண்டுதான் பழைய எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும்.